அரசன் பெயரில் ஒரு காசோலை

வங்கியில் செக் போடுகிறோம். பெட்ரோல் பங்கில் டயர் காற்றைச் செக் பண்ணச் சொல்கிறோம். மாவட்ட எல்லையில் செக்போஸ்ட் வருகிறது. பேருந்தில் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறுகிறார். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கச் செக்கப் போகிறோம். துணிக்கடையில் செக்டு சட்டை கேட்கிறோம். தங்கும் விடுதியில் செக்இன், செக்அவுட். ஒரு தலைவர் இன்னொரு தலைவரின் வழியை அடைத்தால் 'செக் வைத்தார்' என்று நாளிதழ் தலைப்புப் போடுகிறது. சதுரங்கப் பலகையின் முன்னால் உட்கார்ந்த பிள்ளை எதிராளியிடம் 'செக்' என்கிறது.

பணம், சோதனை, காவல், மருத்துவம், துணி, விடுதி, அரசியல், விளையாட்டு என்று ஒன்றோடொன்று ஒட்டாத இத்தனை இடங்களில் ஒரே சொல் எப்படி வந்து நிற்கிறது? ஆங்கிலத்தில் ஒரே ஒலியில் வேறு வேறு சொற்கள் தற்செயலாகச் சேர்ந்துகொள்வது உண்டு. கிரிக்கெட் பேட்டுக்கும் வௌவாலைக் குறிக்கும் பேட்டுக்கும் எந்த உறவும் இல்லை. இரண்டும் வெவ்வேறு வேர்களிலிருந்து வந்து ஓர் ஒலியில் முட்டிக்கொண்டவை. செக் அப்படியல்ல. மேலே சொன்ன அத்தனை செக்கும் ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்தின் மூதாதை இங்கிலாந்தில் பிறக்கவில்லை, ஈரானில் பிறந்தது. அதன் பொருள் அரசன்.

சொல்லின் வழியைத் தேடுகிறவர்கள் ஒலி ஒற்றுமையை மட்டும் நம்பக் கூடாது. தமிழில் செக்கு இருக்கிறது. எண்ணெய் ஆட்டும் செக்கு. கோவைச் சிறையில் வ.உ.சிதம்பரனார் இழுத்த செக்கு. ஆங்கிலச் செக்குக்கும் அதற்கும் ஒலி தவிர வேறு தொடர்பு கிடையாது. ஒரு சொல் இன்னொன்றிலிருந்து வந்தது என்று சொல்ல மூன்று சாட்சிகள் வேண்டும். ஒலி எந்த ஒழுங்கில் மாறியது, எந்தக் காலத்தில் எந்த மொழியில் எழுதப்பட்டது, யார் கையில் எந்த வழியாகப் பயணம் செய்தது என்பவை அவை. செக் விஷயத்தில் மூன்றும் கிடைக்கின்றன.

ஷா என்ற பட்டம்

பழைய பாரசீகத்தில் அரசனுக்குப் பெயர் 'க்ஷாயதிய'. மேற்கு ஈரானில் பெஹிஸ்தூன் மலைப்பாறையில் டேரியஸ் வெட்டிவைத்த கல்வெட்டில் இந்தப் பட்டம் இருக்கிறது. அது கி.மு. 6ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது. தன்னை அரசன் என்றும் அரசர்களின் அரசன் என்றும் அவன் அதில் அழைத்துக்கொள்கிறான். ஆளுதல் என்று பொருள்படும் வேரிலிருந்து பிறந்த சொல் இது. சமஸ்கிருதத்தில் 'க்ஷத்ர' என்பதும் அதே வேரிலிருந்து வந்தது. நாம் சத்திரியர் என்று எழுதும் சொல்லும் ஈரானின் அரசப் பட்டமும் உறவுக்காரர்கள்.

நூற்றாண்டுகள் போகப்போக 'க்ஷாயதிய' தேய்ந்து 'ஷா' ஆயிற்று. 'அரசர்களின் அரசன்' என்ற தொடர் 'ஷாஹன்ஷா' என்று சுருங்கியது. இந்தியாவுக்கும் இந்தப் பட்டம் வந்தது. ஷாஜகான் என்ற பெயரிலும், நம் கதைகளில் வரும் பாதுஷா என்ற சொல்லிலும் அது இருக்கிறது. இவையெல்லாம் பட்டமாகவே இருந்து பட்டமாகவே பரவியவை. செக்கின் வழி அரண்மனை வழி அல்ல. அது விளையாட்டுப் பலகையின் வழி.

பலகையில் எழுந்த குரல்

அந்தப் பலகை இந்தியாவிலிருந்து போனது. யானை, தேர், குதிரை, காலாள் என்ற நான்கு உறுப்புகள் கொண்ட படைக்குச் சதுரங்கம் என்று பெயர். ஆட்டத்துக்கும் அதே பெயர். பாரசீகத்தில் அது 'சத்ரங்' ஆனது. அரேபியர் நாவில் 'ஷத்ரஞ்ச்' ஆனது. ஹிந்த் நாட்டு அரசன் ஒரு புதிராக இந்த ஆட்டத்தை ஈரானிய மன்னன் குஸ்ரோ அனூஷிர்வானுக்கு அனுப்பினான், மன்னனின் அமைச்சர் புசுர்க்மிஹ்ர் அதன் விதிகளைக் கண்டுபிடித்தார் என்று கி.பி. 1010இல் பிர்தௌசி முடித்த ஷாநாமா கதை சொல்கிறது. மத்திய பாரசீக மொழியில் எழுதப்பட்ட ஒரு சிறு நூலும் இதே கதையைச் சொல்கிறது. கதையில் எவ்வளவு வரலாறு என்பது தனி விவாதம். ஆட்டம் கிழக்கிலிருந்து வந்தது என்பதைப் பாரசீகர்களே ஒப்புக்கொண்டார்கள் என்பது அதில் தெளிவு.

பாரசீகர்கள் ஆட்டத்தில் அரசனுக்குத் தம் அரசனின் பட்டத்தையே வைத்தார்கள். எதிரியின் அரசனை வெட்டும் நிலைக்குத் தன் காயை நகர்த்தியவன் 'ஷா!' என்று சொல்ல வேண்டும். 'உன் அரசனைக் கவனி' என்பது அதன் பொருள். மற்ற எந்தக் காயையும் எதிராளி கவனிக்காத நேரத்தில் வெட்டலாம். அரசனை மட்டும் அறியாமையில் வீழ்த்தக் கூடாது. அந்த ஒரு காய்க்குக் கொடுத்த மரியாதையே அந்தக் குரல்.

நம் சொல்லின் வரலாற்றில் முதல் திருப்பம் இங்கே நடக்கிறது. ஒரு பட்டப்பெயர் ஓர் எச்சரிக்கையாகிறது. 'ஷா' என்று கேட்டவன் செய்ய வேண்டியது மூன்றே காரியம்: அரசனை நகர்த்த வேண்டும், இடையில் ஒரு காயை நிறுத்த வேண்டும், அல்லது தாக்கும் காயை வெட்ட வேண்டும். தன் திட்டம் எதுவானாலும் அதை அந்தக் கணத்தில் நிறுத்தியாக வேண்டும். ஆகவே அரசனின் பெயரைக் கேட்பதும் தடுக்கப்படுவதும் ஒரே அனுபவமாயின.

தப்ப வழியே இல்லாதபோது சொன்னது 'ஷா மாத்'. ஐரோப்பாவில் அது செக்மேட் ஆயிற்று. அரபியில் 'மாத்த' என்றால் இறந்தான் என்று பொருள். அதனால் 'அரசன் இறந்தான்' என்பதே இதன் பொருள் என்று நெடுங்காலம் விளக்கினார்கள். ஆனால் சதுரங்கத்தில் அரசன் சாவதில்லை. அவன் காயைப் பலகையிலிருந்து எடுப்பதும் இல்லை. பாரசீகத்தில் 'மாத்' என்பது செய்வதறியாமல் நிற்பதைக் குறிக்கும். 'அரசன் கதியற்று நிற்கிறான்' என்று கொள்வதே ஆட்டத்தோடு பொருந்துகிறது. இந்தியில் இன்றும் 'ஷஹ்', 'மாத்' என்ற இரண்டு சொற்களும் அரசியல் செய்திகளில் வருகின்றன. தமிழ்ச் செய்தித்தாள் 'செக் வைத்தார்' என்று எழுதும் அதே இடத்தில் இந்திச் செய்தித்தாள் 'ஷஹ்' என்று எழுதுகிறது. இரண்டும் ஒரே சொல்தான். ஒன்று நிலவழியாக நேரே வந்தது. மற்றொன்று ஐரோப்பாவைச் சுற்றிக் கடல்வழியாக வந்தது.

ஷா எப்படிச் செக் ஆனது

அரேபியரிடமிருந்து ஸ்பெயின் வழியாகவும் இத்தாலி வழியாகவும் ஆட்டம் ஐரோப்பாவுக்குள் நுழைந்தது. 10ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் லத்தீனில் இதைப் பற்றி எழுதத் தொடங்கிவிட்டார்கள். லத்தீன் அறிந்தவர்களின் நாவில் 'ஷ' ஒலி இல்லை. இறுதியில் வரும் 'ஹ' ஒலியும் இல்லை. முன்னதை 'ஸ்க' என்றும் பின்னதை 'க்' என்றும் பிடித்தார்கள். 'ஷாஹ்' அவர்களிடம் 'ஸ்காக்குஸ்' ஆனது.

அடுத்து பிரெஞ்சுக்காரர்கள். சொல்லின் தொடக்கத்தில் 'ஸ்' ஒலியோடு இன்னொரு மெய் சேர்ந்து வந்தால் அவர்களுக்குச் சொல்வது சிரமம். முன்னால் ஓர் 'எ' சேர்த்துக்கொண்டார்கள். ஸ்கூல் என்பதை இஸ்கூல் என்றும் ஸ்டேஷனை இஸ்டேஷன் என்றும் சொல்லும் தமிழ் நாவுக்கு இந்த மாற்றத்தை விளக்கவே வேண்டாம். பழைய பிரெஞ்சில் 'எஸ்செக்' பிறந்தது. அதன் பன்மை 'எஸ்செஸ்'. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு இந்தச் சொற்கள் கடலைத் தாண்டின. ஆங்கிலம் அந்த 'எஸ்'ஸை உதறிவிட்டது. ஒருமையிலிருந்து வந்தது செக். பன்மையிலிருந்து வந்தது செஸ்.

ஆங்கிலத்தில் ஆட்டத்தின் பெயருக்கும் ஆட்டத்தில் எழும் எச்சரிக்கைக்கும் உள்ள வேறுபாடு பன்மை ஒருமை வேறுபாடுதான். செஸ் என்றால் அடிப்படையில் 'அரசர்கள்'. ஜெர்மன் மொழியில் ஆட்டமும் எச்சரிக்கையும் இரண்டுமே 'ஷாக்'. ரஷ்ய மொழியில் ஆட்டத்தின் பெயரே 'ஷாக்மத்தி'. முடிவுக் குரல் முழு ஆட்டத்துக்கும் பெயராகிவிட்டது. பிரெஞ்சில் 'எஷெக்' என்ற சொல்லுக்குத் தோல்வி என்றும் பொருள் உண்டு. ஒரே விதை எந்த மண்ணில் எப்படி முளைத்தது என்பதை இந்த நான்கு மொழிகளும் காட்டுகின்றன.

கட்டம் போட்ட மேசை

இங்கிலாந்தில் அந்தச் சொல் விளையாட்டிலிருந்து எழுந்து நேரே கருவூலத்துக்குள் நடந்தது. சதுரங்கப் பலகைக்கு லத்தீனில் 'ஸ்கக்காரியம்', பிரெஞ்சில் 'எஸ்செக்கியே'. 12ஆம் நூற்றாண்டில், முதலாம் ஹென்றி காலம் முதல், அரசனின் வரிக்கணக்கைத் தீர்க்கும் அவைக்கு இதே பெயர் வழங்கியது. அதுதான் எக்ஸ்செக்கர். பிரிட்டனின் நிதியமைச்சரை இன்றும் சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர் என்றே அழைக்கிறார்கள். முன்னால் இருந்த 'எஸ்' லத்தீன் 'எக்ஸ்' என்று தவறாக எண்ணி எழுதியதால் அந்த எழுத்துக்கூட்டு வந்தது.

கருவூலத்துக்குச் சதுரங்கப் பலகையின் பெயர் ஏன்? அந்த அவையில் பொருளாளராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் 1170களில் லத்தீனில் எழுதிய 'எக்ஸ்செக்கர் பற்றிய உரையாடல்' என்ற நூல் இதற்கு விடை வைத்திருக்கிறது. ஏறத்தாழ 10 அடி நீளம், 5 அடி அகலம் உள்ள மேசை. சுற்றிலும் நான்கு விரல் உயரத்துக்கு விளிம்பு, மேலே வைத்தது கீழே விழாமலிருக்க. மேசை மேல் கறுப்புத் துணி. துணியில் ஓர் அடி அல்லது ஒரு சாண் இடைவெளியில் கோடுகள். அந்தக் கோடுகளுக்கிடையே கணக்குக் காய்களை வைத்து எண்ணினார்கள். ஒரு வரிசை பென்னி, அடுத்தது ஷில்லிங், அடுத்தது பவுண்டு, பிறகு இருபது, நூறு, ஆயிரம்.

ரோமன் எண்களை எழுதிக் கூட்டுவது எவ்வளவு கடினம் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த மேசையின் அருமை விளங்கும். ஒவ்வொரு மாவட்டத்திலும் அரசனுக்காக வரி வசூலித்த ஷெரிஃப் ஆண்டுக்கு இருமுறை, ஈஸ்டரின்போதும் செப்டம்பர் இறுதியில் வரும் மைக்கேல்மஸின்போதும், இந்த மேசையின் முன் வந்து உட்கார வேண்டும். அவர் கட்ட வேண்டியது ஒரு வரிசையில், கட்டியது அதன் கீழே இன்னொரு வரிசையில். மேலுள்ளதிலிருந்து கீழுள்ளதைக் கழித்தால் பாக்கி கண்முன் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாத அதிகாரிக்கும் தெரியும். சுற்றியிருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். பொருளாளருக்கும் ஷெரிஃபுக்கும் நடுவே இந்த மேசையில் நடப்பதும் சதுரங்கம் போன்ற ஒரு போர்தான் என்று ஃபிட்ஸ்நீல் விளக்குகிறார். பெயருக்கு அவர் தரும் காரணங்கள் கட்டமும் போட்டியும் ஆகிய இரண்டுமே.

பணம் கட்டியதற்கு ரசீதாகக் கொடுத்தது மரக்குச்சி. ஹேசல் மரக்குச்சியில் தொகைக்கு ஏற்ப வெட்டுகள்: ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கைப் பருமன், நூறுக்குக் கட்டைவிரல் அகலம், இருபதுக்குச் சுண்டுவிரல் அகலம், ஒரு பவுண்டுக்கு ஒரு பார்லி மணி அளவு. வெட்டிய பின் குச்சியை நெடுக்கப் பிளந்து ஒரு பாதியைக் கட்டியவரிடம் கொடுத்து மறுபாதியைக் கருவூலம் வைத்துக்கொள்ளும். தகராறு வந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வெட்டுகளும் மரத்தின் இழைகளும் ஒன்றோடொன்று பொருந்தினால் கணக்கு உண்மை. இந்த முறை 1826 வரை நீடித்தது. கைவிட்ட பழைய குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று பிரபுக்கள் சபையின் அடுப்புகளில் போட்டு எரித்தபோது தீ பரவி, நாடாளுமன்றக் கட்டடத்தின் பெரும்பகுதி சாம்பலானது.

தடுப்பதிலிருந்து சரிபார்ப்பதற்கு

இதற்கிடையில் 'செக்' என்ற சிறு சொல்லும் ஆட்டத்தை விட்டு வெளியே வந்திருந்தது. 14ஆம் நூற்றாண்டில் சாசர் எழுதிய 'டச்சஸின் நூல்' என்ற கவிதையில், காதலியை இழந்த ஒரு வீரன், விதியோடு சதுரங்கம் ஆடித் தன் ராணியை இழந்ததாகத் தன் துயரத்தைச் சொல்கிறான். கேட்பவர்களுக்கு ஆட்டத்தின் சொற்கள் அவ்வளவு பழகியிருந்தன. திடீரெனத் தடைபடுவது எல்லாமே செக் ஆனது. படை முன்னேறாமல் நிறுத்தப்பட்டால் செக். கோபத்தை அடக்கினால் செக். குதிரையை இழுத்துப் பிடித்தால் செக்.

தடுத்தல் என்ற பொருளிலிருந்து சரிபார்த்தல் என்ற பொருள் எப்படி வந்தது? இதுதான் இந்த வரலாற்றின் முடிச்சு. ஏமாற்று வேலையைத் தடுக்க வேண்டுமானால் ஒரு கணக்கோடு இன்னொரு கணக்கை ஒப்பிட வேண்டும். ஒருவன் எழுதுவதை இன்னொருவன் தனியாக எழுதி வைத்தால் முதலாமவன் கை தானாக அடங்கும். இங்கிலாந்தின் அரசக் கப்பல்கட்டும் தளங்களில் 'கிளார்க் ஆஃப் தி செக்' என்று ஓர் அதிகாரி இருந்தார். தொழிலாளர் வந்தாரா இல்லையா என்று வருகைப் பதிவு வைப்பது அவர் வேலை. வராதவருக்குக் கூலி போவதை அவருடைய ஏடு தடுத்தது. தடுப்பதற்கு அவர் செய்த காரியம் சரிபார்த்தல். நாளடைவில் நோக்கத்தின் பெயர் செயலின் பெயராகிவிட்டது. 17ஆம் நூற்றாண்டில் சரிபார்த்தல் என்ற பொருள் ஆங்கிலத்தில் நிலைபெற்றது.

இன்று டாக்டர் செக் பண்ணுவதும் பஸ்ஸில் டிக்கெட் செக் பண்ணுவதும் இந்தக் கிளையில் வருபவை. இந்தியச் சாலைகளில் நிற்கும் செக்போஸ்ட்டில் இரண்டு பொருளும் ஒன்றாக நிற்கின்றன. அங்கே வண்டியை நிறுத்துவதும் உண்டு, ஆவணங்களைச் சரிபார்ப்பதும் உண்டு. ஆதார் எண்ணில் 12 இலக்கங்கள் இருக்கின்றன. அவற்றில் 12ஆவது, முந்தைய 11 இலக்கங்களிலிருந்து கணக்கிட்டு எடுத்த செக் இலக்கம். ஓர் இலக்கத்தைத் தவறாகத் தட்டச்சு செய்தால் கடைசி இலக்கம் பொருந்தாது, கணினி நிறுத்திவிடும். கப்பல்தளத்து எழுத்தர் செய்த வேலையை அந்த ஓர் இலக்கம் செய்கிறது.

காசோலை

17ஆம் நூற்றாண்டு லண்டனில் பொற்கொல்லர்களிடம் பணத்தை ஒப்படைத்துவிட்டு, 'இன்னாருக்கு இவ்வளவு கொடுக்கவும்' என்று சீட்டு எழுதி அனுப்பும் வழக்கம் பரவியது. அந்தச் சீட்டுக்கு அப்போது செக் என்று பெயர் இல்லை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செக் என்பது கருவூலப் பத்திரங்களின் அடிக்கட்டையைக் குறித்தது. பத்திரத்துக்கும் அடிக்கட்டைக்கும் ஒரே எண். நடுவில் வளைவாக வெட்டுவார்கள். பத்திரம் திரும்பி வரும்போது அடிக்கட்டையோடு வைத்துப் பார்த்தால் போலி தெரிந்துவிடும். பிளந்த மரக்குச்சியின் வேலையைத் தாள் எடுத்துக்கொண்டது. வங்கிகள் அடிக்கட்டையோடு சேர்த்து அச்சிட்ட படிவங்களைக் கொடுக்கத் தொடங்கியதும் பெயர் அடிக்கட்டையிலிருந்து சீட்டுக்கு நகர்ந்தது. போலியைத் தடுக்கும் துண்டின் பெயரே பணம் கொடுக்கும் துண்டின் பெயரானது.

எழுத்துக்கூட்டிலும் ஒரு செய்தி இருக்கிறது. அமெரிக்கர்கள் இதைச் சரிபார்த்தலுக்கான செக் போலவே எழுதுகிறார்கள். பிரிட்டனிலும் இந்தியாவிலும் எக்ஸ்செக்கரின் சாயலில், நடுவே 'க்யூ' வைத்து எழுதுகிறோம். வங்கிச் செக்கும் கருவூலமும் ஒரு குடும்பம் என்பது அந்த எழுத்துக்கூட்டிலேயே பதிந்திருக்கிறது.

தமிழில் இதற்குக் காசோலை என்று பெயர் வைத்தவர்கள் நல்ல சொல் தந்தார்கள். பணம் கொடுக்கச் சொல்லி எழுதி அனுப்பும் பழக்கம் தமிழ் வணிகருக்குப் புதிதல்ல. நாட்டுக்கோட்டை நகரத்தார் உண்டியல் எழுதிக் கடல் கடந்து பணம் அனுப்பியவர்கள். ஓலையில் எழுதியதே ஆவணமாக இருந்த நாட்டில் காசுக்கான ஓலை என்பது பொருத்தமான பெயர். அந்தக் காசுக்கும் ஆங்கிலத்தில் ஒரு பயணம் உண்டு. சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியார் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். தமிழ்க் காசு போர்த்துக்கீசியர் வாய்வழியாக 'கேஷ்' என்ற நாணயப் பெயராக ஆங்கிலத்தில் ஏறியது. பெட்டி என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்து ரொக்கத்தைக் குறித்த இன்னொரு 'கேஷ்' அங்கே ஏற்கெனவே இருந்தது. பேட் போலவே இரண்டு வேர்கள் ஓர் ஒலியில் சேர்ந்த கதை அது.

இந்தியாவில் காசோலைக்குச் சட்ட வரையறை தருவது 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 6ஆம் பிரிவு. கணக்கில் பணமில்லாமல் செக் திரும்பினால் அது குற்றம் என்று சொல்லும் 138ஆம் பிரிவு 1989 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2011இல் சென்னையிலும் செக்கின் தாளை வங்கிக்கு வங்கி சுமக்காமல் அதன் படத்தை மட்டும் அனுப்பும் முறை தொடங்கியது. மரம் தாளாகி, தாள் படமாகிவிட்டது. ஒன்றை இன்னொன்றோடு பொருத்திப் பார்க்கும் வேலை மாறவில்லை.

மெட்ராஸ் கட்டம்

சதுரங்கப் பலகையின் தோற்றத்திலிருந்து வளர்ந்த கிளை துணிக்குப் போனது. கறுப்பும் வெள்ளையும் மாறிமாறி வரும் சதுரங்களைப் பார்த்தவர்கள், அப்படி நெய்த துணிக்கும் அதே பெயரைச் சுருக்கிச் செக் என்றார்கள். ஏற்றமும் இறக்கமும் மாறி வந்த வாழ்க்கையை 'செக்கர்டு' என்பதும், கார்ப் பந்தயத்தின் முடிவில் அசைக்கும் கட்டக் கொடியும் இதே தோற்றத்திலிருந்து வந்தவை.

இந்தக் கிளையில் சென்னைக்குச் சொந்த இடம் உண்டு. பாவிலும் ஊடையிலும் சாயநூலை மாற்றிக் கட்டம் எடுப்பதை நம் நெசவாளர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கம்பெனியார் துணிக்காகத்தான் இந்தக் கரைக்கு வந்தார்கள். 1734இல் நெசவாளர்களைக் குடியமர்த்த அவர்கள் உருவாக்கிய ஊர்தான் சின்னத் தறிப்பேட்டை, இன்று சிந்தாதிரிப்பேட்டை. இங்கிருந்து போன கட்டத் துணிக்கு உலகச் சந்தையில் மெட்ராஸ் என்றே பெயர். மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அது கைக்குட்டைத் துணியாகப் போனது. நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் அதை 'இஞ்சிரி' என்றார்கள். பிறப்பு முதல் இறப்பு வரையான சடங்குகளில் அதற்கு இடம் தந்தார்கள். அந்தத் துணியிலிருந்து நூல்களை அறுத்தெடுத்துத் தமக்கே உரிய புதுக் கோலங்களையும் உண்டாக்கினார்கள். நைஜீரியாவின் இக்போ மக்களிடம் அது 'ஜார்ஜ்'. புனித ஜார்ஜ் கோட்டையின் பெயர் அங்கே உடுக்கும் துணியின் பெயராக இருக்கிறது.

1950களின் இறுதியில் சாயம் கசியும் மெட்ராஸ் கட்டத் துணி அமெரிக்காவுக்குப் போனது. சலவைக்குச் சலவை சாயம் இறங்கிக் கட்டங்கள் ஒன்றோடொன்று கலந்தன. முதலில் புகார்கள் எழுந்தன. பிறகு அந்தக் கசிவையே அதன் சிறப்பாக விளம்பரம் செய்தார்கள். அது கல்லூரி இளைஞர்களின் விருப்ப உடையானது.

தமிழில் நாம் இதைக் கட்டம் என்றே சொல்கிறோம். தாயம் ஆடுவதும் கட்டத்தில். ஜாதகம் எழுதுவதும் கட்டத்தில். காஞ்சிபுரம் பட்டில் பாலும் பழமும் கட்டம் என்று ஒரு வகை உண்டு. பலகையின் சதுரமும் துணியின் சதுரமும் ஒரே பெயரில் வருவதை ஆங்கிலத்தைப் போலத் தமிழும் தன் வழியில் கண்டுகொண்டது. 2022இல் மாமல்லபுரத்தில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடந்தபோது சென்னை நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் தீட்டினார்கள். ஆட்டமும் கட்டமும் அங்கே மீண்டும் ஒன்றாயின. திருவாரூர் மாவட்டம் பூவனூரில் சிவன், அரசகுமாரியைச் சதுரங்கத்தில் வென்று மணந்தவராக, சதுரங்க வல்லபநாதர் என்ற பெயரோடு கோயில் கொண்டிருக்கும் நாட்டில் இது இயல்பானதே.

பட்டம் போனது, தடை நின்றது

மற்ற பொருள்கள் பெரும்பாலும் அமெரிக்காவில் வளர்ந்தவை. ரயிலில் பெட்டியை ஒப்படைத்தால் எண்ணிட்ட வில்லை ஒன்று தருவார்கள். திரும்ப எடுக்கும்போது பொருத்திப் பார்ப்பதற்காக அது செக். அதிலிருந்து பெட்டியை ஒப்படைப்பதும் செக், விடுதிக்குள் பதிவாவது செக்இன், கணக்குத் தீர்த்து வெளியேறுவது செக்அவுட். உணவகத்தில் பில்லும் அங்கே செக். சரி என்று இடும் குறியும் செக். எல்லாம் அடிக்கட்டையின் பேரப்பிள்ளைகள்.

ஆனால் என் மனத்தை அதிகம் தொடுவது இன்னொரு பொருள். ஆட்சியின் ஓர் உறுப்பு அளவு மீறாமல் இன்னோர் உறுப்பு பிடித்துவைக்க வேண்டும் என்ற கொள்கையின் மேல் 1787இல் அமெரிக்க அரசமைப்பு எழுதப்பட்டது. 'தடைகளும் சமநிலைகளும்' என்று நாம் மொழிபெயர்க்கும் அந்தத் தொடரில், தடை என்ற இடத்தில் ஆங்கிலத்தில் நிற்பது செக். நாடாளுமன்றத்துக்கு நீதிமன்றம், அமைச்சரவைக்கு நாடாளுமன்றம், செலவுக்குத் தணிக்கை என்று நாம் கேட்பதெல்லாம் அந்தச் செக்கைத்தான். ஆள்பவன் என்ற பொருளில் பாறையில் வெட்டிய ஒரு சொல், ஆள்பவனைக் கட்டுப்படுத்தும் கருவியின் பெயராக முடிந்திருக்கிறது.

1979 ஜனவரியில் ஈரானின் கடைசி ஷா நாட்டை விட்டுப் போனார். அந்தப் பட்டம் அங்கே முடிந்தது. புரட்சிக்குப் பின் சில ஆண்டுகள் சதுரங்கமும் அங்கே தடைபட்டது. 1988இல் தடை நீங்கியது. போட்டிகளில் இன்று ஆட்டக்காரர்கள் செக் என்று வாய்விட்டுச் சொல்வதும் கட்டாயமில்லை. சொல்லைப் பெற்ற பட்டமும் இல்லை, அதைப் பரப்பிய குரலும் அடங்கிவிட்டது. சொல் மட்டும் வங்கியிலும் சாலையிலும் மருத்துவமனையிலும் நீதிமன்றத்திலும் உழைத்துக்கொண்டிருக்கிறது.

ஒரு சொல்லுக்குப் பத்துப் பொருள் இருந்தால் அகராதி அவற்றுக்கு எண் போட்டு அடுக்குகிறது. அந்த எண்களுக்கு நடுவில் மனிதர்கள் இருக்கிறார்கள். எதிரியின் அரசனுக்கு மரியாதை காட்டிய ஆட்டக்காரன், கறுப்புத் துணியில் காய் வைத்த கணக்கன், வருகை எழுதிய எழுத்தர், அடிக்கட்டையை வெட்டிய வங்கிக்காரர், பாவில் நிறம் மாற்றிய நெசவாளி என ஒவ்வொருவரும் தம் வேலைக்கு வேண்டிய அளவு அந்தச் சொல்லை ஓர் அடி நகர்த்தினார்கள். பொருள் தானாகப் பெருகுவதில்லை. வேலைதான் அதைப் பெருக்குகிறது.

ஆங்கிலத்தில் இதை இவ்வளவு தெளிவாகச் சொல்ல முடிகிறது என்றால், 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்த ஆக்ஸ்போர்டு அகராதி ஒவ்வொரு பொருளுக்கும் ஆண்டோடு சான்று வைத்ததுதான் காரணம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. பழைய நூல்களிலிருந்து மேற்கோள்களை அது காட்டுகிறது. 1992இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இன்றைய வழக்கைப் பதிவு செய்தது. இவற்றின் அடுத்த படியாக, அச்சுத் தமிழின் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் வாரியாக ஆண்டு குறித்த சான்று வேண்டும். 'செக் வைத்தல்' எந்த இதழில் முதலில் அரசியலுக்கு வந்தது, காசோலை எந்த ஆண்டில் அச்சேறியது, செக்போஸ்ட் எப்போது ஊர்ப்பெயரோடு ஒட்டியது என்பதெல்லாம் கண்டறியக்கூடியவை. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் அந்தப் பழைய இதழ்கள் இருக்கின்றன. ஆங்கிலம் கடன் வாங்கிய பாரசீகச் சொல்லைத் தமிழ் எப்படித் தனதாக்கிக்கொண்டது என்ற அத்தியாயத்தைத் தமிழில் மட்டுமே எழுத முடியும். அதைத் தமிழ் படிக்கும் ஒரு தலைமுறை பொறுப்பாக எடுத்துச் செய்ய வேண்டும்.